தீடையனின் குரல்

பேசாலைக் கரையில் பஸ்தியாம்பிள்ளைச் சம்மாட்டி ஏசத் தொடங்கினால் கழுதைகள்கூட வழிவிட்டு நிற்கும். மூன்று படகுக்குச் சொந்தக்காரர், ஞாயிறு முதற்பூசைக்கு முன்வாங்கில் இருக்கிறவர். வாய் மட்டும் வேறு பங்கைச் சேர்ந்தது. வலை கிழிந்தால் வலையைப் பின்னினவனின் பரம்பரை, எஞ்சின் நின்றால் அதைச் செய்த யப்பான்காரனின் பரம்பரை என்று ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. அதில் ஒரு அழகு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெறும் தூஷணம் எவனுக்கும் வரும். இந்த மனிசன் ஏசினால் அதற்கு எடுப்பு, தொடுப்பு, முடிப்பு எல்லாம் இருக்கும். ஏச்சு வாங்கினவனே பின்னேரம் அதை நாலு பேருக்குச் செய்துகாட்டிச் சிரிப்பான்.

அப்படிப்பட்ட வாய் போன ஆவணியில் பூட்டுப்பட்டது. அவருடைய ஒரே மகள் மேரி ரோஸுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் மனிசன் மடுவுக்குப் போய் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்துவிட்டார். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் காதில் விழும்வரை தன் வாயிலிருந்து ஒரு தூஷணமோ ஒரு சாபமோ வராது. மெழுகுதிரி எல்லாரும் கொடுப்பார்கள். தன்னிடம் இருப்பதில் எதை விடுவது கஷ்டமோ அதைக் கொடுத்தால்தான் மாதா திரும்பிப் பார்ப்பாள் என்பது அவருடைய கணக்கு.

கரை குழம்பிப்போனது. வலையை நனைந்தபடி குவித்துவிட்டுப் போன தொழிலாளி ஒருவனை அவர் கூப்பிட்டு, "தம்பி, நீ செய்தது அவ்வளவு வடிவில்லை" என்று மெதுவாகச் சொன்னார். அவன் பயந்துபோய் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் கிருஷாந்தினி அவரைத் தேடிக்கொண்டு வந்தாள்.

தோட்டவெளிப் பெட்டை. முப்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, விரலெல்லாம் மை. அவள் கீறின 'தீடையன்' என்ற சித்திரக்கதைப் புத்தகத்தைத் தலைமன்னாரிலிருந்து அடம்பன் வரைக்கும் வாசிக்காத இளசுகள் இல்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று அட்டையிலேயே போட்டிருந்ததால் எல்லாரும் ஒளித்துவைத்து வாசித்தார்கள். பஸ்தியாம்பிள்ளையும் ஒளித்துவைத்துத்தான் வாசித்தார். மத்தியானத்தில் படகின் நிழலில் படுத்துக்கொண்டு, பத்திரிகைக்குள் புத்தகத்தை வைத்து, திரும்பத் திரும்ப.

கதை இதுதான். சண்டைக் காலத்தில் ஆட்களைப் படகில் இந்தியாவுக்கு ஏற்றிப்போகிற ஓட்டி ஒருவன். ஒருமுறை கடற்படையின் வெளிச்சத்தைக் கண்டு பயந்து, நடுக்கடலில் தீடை என்று சொல்கிற மணல்திட்டில் ஆட்களை இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா, நடவுங்கோ என்று பொய் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். அதில் ஒரு சின்னப் பெட்டையும் நிற்கிறாள். மனம் கேட்காமல் அவன் திரும்பி வரும்போது தண்ணீர் ஏறிவிட்டது. தீடையுமில்லை, ஆட்களுமில்லை. அவனும் கடலில் குதிக்கிறான். கடல் அவனை எடுக்க மறுக்கிறது. எத்தனை தரம் குதித்தாலும் கரையில் துப்பிவிடுகிறது. உடம்பெல்லாம் உப்புப் பொரிந்து, சாகவும் வழியில்லாமல், அன்றிலிருந்து அவன் ஏழைகளை ஏமாற்றிப் படகேற்றுகிறவர்களைத் தேடிப்பிடித்து எலும்பை முறிக்கிறான்.

நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது. குடிப்பான். பொய் சொல்வான். காப்பாற்றின ஆளின் சட்டைப்பையிலிருந்தே சிகரெட்டை உருவுவான். வாயோ, அது பஸ்தியாம்பிள்ளையின் வாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி.

பஸ்தியாம்பிள்ளைக்கு அவன்மேல் அப்படி ஒரு பிடிப்பு வந்ததற்கு வேறு காரணம் உண்டு. அவரையும் ஒரு ஓட்டி அப்படித்தான் தீடையில் இறக்கிவிட்டுப் போனான். இளம் பெண்சாதி பக்கத்தில். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது, கைக்குழந்தையாக இருந்த மேரி ரோஸைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி அவர் நின்றார். இராமேஸ்வரத்து வள்ளம் ஒன்று கண்டு எடுத்திராவிட்டால் இந்தக் கதையே இல்லை. அந்த நிலையில் நின்றுகொண்டு அந்த ஓட்டியை ஏசத் தொடங்கினவர், மண்டபம் அகதி முகாமில் இருந்த காலம் முழுக்க ஏசி, ஊர் திரும்பின பிறகும் நிறுத்தவில்லை. பெண்சாதி போய்ச் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. ஓட்டியின் முகம் எப்போதோ மறந்துபோயிற்று. முகமில்லாத ஒருவனை முப்பது வருடத்துக்கு மேலாக ஏசிக்கொண்டிருந்தவருக்கு, இந்தப் பெட்டை ஒரு முகம் கீறிக் கொடுத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. போகப்போகப் பிடித்தும்போயிற்று. விரோதியை ஒருவனுக்குப் பிடிக்கப் பண்ணுவதென்றால் அது லேசுப்பட்ட கெட்டித்தனமா?

"இருங்கோ பிள்ளை" என்று கதிரையை இழுத்துப் போட்டார். "உங்கட புத்தகம் வாசிச்சனான். சும்மா சொல்லக்கூடாது."

"அங்கிள், அதைப் படமாக்கிறம். கீறின படமே ஓடுற மாதிரி. நாலு வருசமாச் செய்யிறம்" என்றாள் கிருஷாந்தினி. "எல்லாம் முடிஞ்சுது. தீடையனுக்குத்தான் குரல் இல்லை."

"அதுக்கு?"

"உங்களை விட்டால் ஆர் அங்கிள்?"

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. சின்ன வயதில் யேசுவின் பாடுகளை ஆடுகிற பாஸ்கூத்தில் யூதாஸ் வேஷம் கேட்டுக் கிடைக்காமல் போன மனிசன். எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, வாயைத் திறந்து, ஒரு மாதிரியை எடுத்துவிடப் போனவர் அப்படியே நின்றார். மேரி ரோஸ் வயிற்றைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"ஏலாது பிள்ளை" என்று உட்கார்ந்துவிட்டார். "வாய் நேர்த்தியில இருக்கு."

விசயத்தைக் கேட்டதும் கிருஷாந்தினி ஒன்றும் வற்புறுத்தவில்லை. ஆனால் அவளுடைய முகம் செத்துப்போயிற்று. புரட்டாசி முடிவதற்குள் படத்தை ஒரு விழாவுக்கு அனுப்ப வேண்டும், தவறினால் நாலு வருட உழைப்பும் மேசை லாச்சிக்குள் கிடக்க வேண்டியதுதான். மேரி ரோஸின் பிள்ளை பிறக்க மாசியாகும்.

மேரி ரோஸ்தான் பேசினாள். "அப்பா, ஏச்சு இல்லாத இடமெல்லாம் நீங்கள் பேசுங்கோவன். ஏச்சுக்கு அவை ஏதாவது வழி பாக்கட்டும்."

வழியைக் கண்டுபிடித்தவன் நிதர்சன். படத்துக்குச் சத்தம் பிடிக்கிறவன். அடம்பன் பக்கத்து வயல்காரக் குடும்பம், கடலைக் கண்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளி நிற்கிற ஆள். அவன் கேட்டான்: "ஐயா, நீங்கள் உங்கட ஆக்களுக்கு வட்ஸ்அப்பில வொய்ஸ் போடுறனீங்கள்தானே? பழசெல்லாம் அவையிட்ட இருக்குமோ?"

இருக்குமோவா? கரையில் ஒருத்தனும் அதை அழித்திருக்கவில்லை. சிலர் அதற்கென்று தனியாக இடம் ஒதுக்கிப் பாதுகாத்தார்கள். ஒருவன் சவூதிக்குப் போனபிறகும் ஊர் ஞாபகம் வந்தால் கேட்பதாகச் சொல்லி அங்கிருந்து அனுப்பினான். காலை ஏச்சு, மழை ஏச்சு, டீசல் முடிந்த ஏச்சு, இழுவைப் படகுக்காரர்களை ஏசின ஏச்சு என்று வந்து குவிந்தன. நேர்த்திக்கு முந்தின சரக்கு, அத்தனையும் சுத்தமான சத்தம்.

பஸ்தியாம்பிள்ளைக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மாதாவை ஏய்ப்பது போலாகுமே. பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்டார்.

சுவாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதுகளுக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் செய்தனீங்களோ?" என்று கேட்டார்.

"செய்தனான் சுவாமி. கிழமைக்குக் கிழமை."

"அப்ப அது மன்னிக்கப்பட்ட தூஷணம். எடுத்துப் பாவிக்கட்டும். நான் சொன்னதெண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

மன்னாரில் காற்றும் காகமும் இல்லாத இடத்தில் குரல் பதிவது என்றால் லேசான காரியமில்லை. அவர்கள் கண்டுபிடித்த இடம், மீன் ஏற்றுகிற பழைய கூலர் லொறி ஒன்றின் பெட்டி. டயர் இல்லாமல் பனைகளுக்கிடையில் கிடந்தது. கதவைச் சாத்தினால் உலகமே செத்ததுபோல் இருக்கும். சூரை மீன் நாற்றம் மட்டும் சாகவில்லை. அதற்குள் மைக், ஒரு கொம்பியூட்டர், பதியும்போது நிறுத்திவைக்கிற ஒரு காற்றாடி, மூன்று பேர்.

அங்கேதான் அவர் படத்தை முதன்முதலாக அசையக் கண்டார். கண்டவர் தான் பேச வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கடல் கீறத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். இவள் அலை மடிவதற்கு முன்னால் தண்ணீர் கொஞ்சம் தயங்குமே, அந்தத் தயக்கத்தைக் கீறியிருந்தாள். அது கடலோடு கிடந்தவர்களுக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். தீவுக்கு வருகிற தாம்போதிப் பாலத்தில் ஓடுகிற பஸ்ஸின் கூரையில் தீடையன் மூன்று ஆட்கடத்தல்காரர்களோடு அடிபடுகிற இடம் ஒன்று. இரத்தம் தெறிக்கிறது, பல் பறக்கிறது. நடுவில் ஒரு கழுதை றோட்டில் வந்து நிற்க, பஸ் பிறேக் போடுகிறது. தீடையன் கீழே விழுந்து, எழும்பி, கழுதையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்ப ஏறிப்போய் அடிக்கிறான். பஸ்தியாம்பிள்ளை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்.

"பிள்ளை, இவன் எங்கட ஆள்" என்றார். "வெளியில இருந்து வந்த வீரன் இல்லை இவன். எங்கட உப்பு."

குரலும் அப்படியே போய் ஒட்டிக்கொண்டது. பேச்சை அவர் பேசினார். ஏச்சு வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு கையைக் காட்டுவார். அந்த இடத்தில் நிதர்சன் பழைய ஏச்சிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பொருத்துவான். தையல் தெரியாது. இப்படியே கடைசிக் காட்சிவரை வந்துவிட்டார்கள். அதில்தான் எல்லாம் தடைப்பட்டது.

கடைசிக் காட்சியில் தீடையன் அதே தீடைக்கு வருகிறான். வேறொரு ஓட்டி இறக்கிவிட்ட வேறு ஆட்கள். ஒவ்வொருவராகத் தோளில் ஏற்றிப் படகுக்குக் கொண்டுபோகிறான். எல்லாரையும் காப்பாற்றிவிட்டான். கடைசியில் தனியாக, இடுப்பளவு தண்ணீரில், முன்பு அந்தச் சின்னப் பெட்டை நின்ற இடத்தில் நிற்கிறான். அங்கே அவன் கடலைப் பார்த்துச் சாபம் போட வேண்டும்.

நிதர்சன் வந்து குவிந்ததையெல்லாம் தேடிப்பார்த்தான். காற்றை ஏசியிருந்தார், மழையை ஏசியிருந்தார், மந்திரிமாரை ஏசியிருந்தார். கடலை ஏசினது ஒன்றுகூட இல்லை.

"இருக்காது தம்பி" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "எங்கட கரையில ஆரும் கடலை ஏசுறேல்லை."

"எனக்கும் தெரியும் அங்கிள்" என்றாள் கிருஷாந்தினி. "தெரிஞ்சுதான் எழுதினனான்."

"தெரிஞ்சுமோ? படுத்திருக்கிற நாயை ஏன் பிள்ளை காலால தட்டுவான்? விடியக் கடலுக்குப் போறவன் என்ர ஆள். நாளைக்கும் அதுக்குள்ளதான் போகவேணும். நேர்த்தி இல்லாட்டிலும் நான் இதைச் சொல்லன். இந்த இடத்தை மாத்துங்கோ."

"மாத்த ஏலாது."

"ஏன் ஏலாது? படம்தானே?"

அவள் சட்டென்று திரும்பினாள். பெட்டிக்குள் அவளுடைய குரல் இரும்பில் பட்டுத் திரும்பியது. "இந்த ஒரு வசனத்துக்காகத்தான் அங்கிள் நாலு வருசம் படம் செய்தனான். எனக்கொரு அக்கா இருந்தவ. நான் பிறக்க முதல். அவவைத் தீடையிலதான் கடல் எடுத்தது. அம்மாவின்ர கையில இருந்துதான் எடுத்தது. அம்மா இண்டைக்கும் கடலைக் கண்டால் சிலுவை போடுவா. ஒரு சொல்லுச் சொன்னதில்லை. அழுததுமில்லை. நான் கேட்டால், கடலைக் குறை சொல்லாதை எண்டுவா. சொல்லாமல் சொல்லாமல் மனிசி உள்ளுக்குள்ள உக்கிப்போச்சு. ஆராவது ஒருக்கால் சொல்லவேணும் அங்கிள். இந்தப் படத்திலயாவது ஆரும் ஒருக்கால் சொல்லவேணும்."

பஸ்தியாம்பிள்ளைக்கு அவளுடைய தாய் பெற்றிசியாவைத் தெரியும். வெள்ளைத் தலைச்சீலையோடு தோட்டவெளிக் கோவிலில் பூ வைக்கிற மனிசி. ஊமையோ என்று ஒருநாள் நினைத்ததுண்டு. தான் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த பிள்ளை இன்றைக்கு வயிற்றில் பிள்ளையோடு வீட்டில் இருக்கிறது. அந்த மனிசியின் கை நழுவிவிட்டது. இரண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு வள்ளம் வந்ததும் ஒரு வள்ளம் வராததும். முப்பது வருடம் ஊரெல்லாம் கேட்க ஏசித் தீர்த்தவர் அவர். ஏச வேண்டியவள் பூ வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நேர்த்தியை நினைத்தார். மேரி ரோஸின் வயிற்றை நினைத்தார். மாதாவோடு பிறகு கதைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய் என்று அவருக்கே தெரியும்.

"பதி தம்பி" என்று மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

நிதர்சன் பொத்தானை அழுத்தினான். பஸ்தியாம்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். நெஞ்சுக்கூடு நிறைய இழுத்தார். வாயைத் திறந்தார்.

கிருஷாந்தினியின் கை வந்து அவருடைய வாயைப் பொத்தியது. மை மணத்தது.

"வேண்டாம் அங்கிள்" என்று அவள் மெல்லிய குரலில் சொன்னாள். "உங்கட மகளின்ர வயித்தில ஒரு பிள்ளை கிடக்கு."

அவரை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவள் மைக்கைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். அவள் சிலுவை போடக் கையைத் தூக்கி, போடாமலே இறக்கினாள். பிறகு அந்த வசனத்தை அவளே சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை. சொல்லிவிட்டு லொறிப் பெட்டியின் தரையில் உட்கார்ந்து அழுதாள். பஸ்தியாம்பிள்ளை காற்றாடியைப் போட்டு அவளுடைய பக்கம் திருப்பி வைத்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நிதர்சன் பொத்தானை நிறுத்த மறந்திருந்தான். அவருடைய மூச்சும் அவளுடைய குரலும் ஒன்றாகவே பதிந்திருந்தன. அவன் அதைக் காட்சியோடு சேர்த்துப் போட்டுக் காட்டினான். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குமேல் அதில் ஒருவரும் கைவைக்கவில்லை.

மாசியில் மேரி ரோஸுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. வாட்டு வாசலில் நின்ற பஸ்தியாம்பிள்ளை அழுகைச் சத்தம் கேட்ட கையோடு வாயைத் திறந்து, ஏழு மாதம் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார். அதை இங்கே எழுத முடியாது. தாதி மிஸ்ஸிமார் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் அவ்வளவு சந்தோசமான தூஷணத்தை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன்னால் கேட்டிருக்காது.

படம் வெளியூர் விழாவுக்குப் போய்ப் பாராட்டோடு வந்தது. அதன் பிறகு மன்னார் டவுணில் ஒரு மண்டபத்தை எடுத்து ஊருக்குப் போட்டார்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று நோட்டீசில் பெரிதாகப் போட்டிருந்தும், கீறின படம் என்றால் பிள்ளைகளுக்குத்தானே என்று பாதிச் சனம் பிள்ளை குட்டிகளை வெளிக்கிடுத்திக் கூட்டிவந்துவிட்டது. கிருஷாந்தினி வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கடைசிவரை அவளுக்கு இருக்கக் கிடைக்கவில்லை. பஸ்தியாம்பிள்ளைக்கும் தன் குரலை அத்தனை பேர் நடுவில் இருந்து கேட்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு பேரும் பின்னால், கதவோரம் நின்றே பார்த்தார்கள்.

சனம் சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். ஏச்சு வரும்போதெல்லாம், இது அந்தோனியாரின் படகு நங்கூரம் அறுந்த நாள் ஏசினது, இது எனக்கு ஏசினது என்று கரைக்காரர்கள் அடையாளம் சொல்லிக் கையடித்தார்கள். தீடையன் கழுதையிடம் மன்னிப்புக் கேட்டபோது விசில் பறந்தது. அவன் நடக்கும்போது உப்பு உதிர்கிற சத்தத்தையும், தீடையின்மேல் தண்ணீர் ஏறுகிற அந்த நீல நிறத்தையும் கண்டபோது சிரித்தவர்கள் தாங்களாகவே அடங்கினார்கள். நம்முடைய ஊரில், நம்முடைய பெட்டை ஒருத்தி இப்படியொரு படம் செய்தாள் என்று பஸ்தியாம்பிள்ளைக்கு நெஞ்சு விம்மியது.

கடைசிக் காட்சி வந்தது. தீடையன் தண்ணீரில் தனியாக நின்றான். மூச்சை இழுத்தான். படம் முழுக்க ஏசினவன் இப்போது எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்லப்போகிறான் என்று மண்டபம் காத்திருந்தது. உப்புப் பொரிந்த அந்தப் பெரிய வாய் திறந்தது. உள்ளேயிருந்து வந்தது ஒரு பெட்டையின் குரல்.

"கடலே, நீ வத்திப் போ. ஒரு மீன் இல்லாமல், ஒரு பாசி இல்லாமல் வத்திப் போ."

கரைக்காரர்கள் பலர் சிலுவை போட்டார்கள். ஒருவர் எழுந்து, கடலையோ இப்பிடி என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். திரையில் தண்ணீர் தீடையனின் கழுத்துவரை வந்து, முதன்முதலாக அவனைத் துப்பாமல், மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. செபமாலைக்குப் பதில் சொல்கிறதுபோல, தாழ்ந்து, கொஞ்சம் பிந்தி.

"வத்திப் போ."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருட்டில் பின்னால் நின்றவர்களுக்கு வெள்ளைத் தலைச்சீலை ஒன்று மட்டும்தான் தெரிந்தது. குரல் இரண்டாம் தரம் வந்தபோது தாழவில்லை. உடைந்து, மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்ர பிள்ளையைத் தந்திட்டு வத்திப் போ!"

கிருஷாந்தினி பஸ்தியாம்பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அங்கிள், அது... ஆர் அது?"

"கொம்மாதான் பிள்ளை" என்றார். "போ. ஓடு."